நெற்றிப் பலகையில் வீரம்மா

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு நவம்பர் மாதம் பதினைந்தாம் திகதி, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே தொடங்கிய மழை விடிந்த பின்பும் வலுக்கவுமில்லை, ஓயவுமில்லை. ஹந்தானை மலை முகிலுக்குள் முழுவதுமாக மறைந்திருந்தது. கண்டி மகியாவையின் தகரக் கூரைகளில் நீர் ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது.

வீரம்மா அடுப்பங்கரையில் குந்தியிருந்து, தணல் சட்டியின் மேல் கவிழ்த்த பிரம்புக் கூடையில் தகப்பன் உடுத்தும் சாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாட்களாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. படுக்கையில் கிடப்பவருக்கோ நாளொன்றுக்கு நான்கு சாரம் வேண்டியிருந்தது. சரிந்த கூடையை அவசரமாகப் பிடிக்கப் போனபோது சட்டியின் விளிம்பு அவளது மணிக்கட்டைச் சுட்டுவிட்டது. அவள் அதை வாயால் ஊதியபடியே, காய்ந்தும் காயாத சாரத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அழகருக்கு வயது எழுபத்து நான்கு. ஈரல் பழுதடைந்து வயிறு ஊதியிருந்தது. கைகால்கள் மெலிந்து குச்சியாகிவிட்டன. பத்து நாட்களுக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். முந்தைய நாள் மாலையிலிருந்து கஞ்சித் தண்ணீரும் தொண்டையில் இறங்கவில்லை. வீரம்மா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துடைத்து, சாரத்தை மாற்றினாள். முடிச்சிட்டு நிமிர்ந்தபோது அவருடைய கை எழுந்து அவளுடைய மணிக்கட்டைப் பற்றியது.

"வீரம்மா" என்றார்.

அவள் அசையாமல் நின்றாள்.

முப்பத்தைந்து ஆண்டுகளில் தகப்பன் அந்தப் பெயரைச் சொல்லி அவளை அழைத்ததில்லை. 'ஏய்' என்பார், 'இந்தா' என்பார், மனம் நன்றாயிருக்கும் நாளில் 'புள்ள' என்பார். அக்காவைப் பரிமளம் என்றும் அண்ணனைச் சேது என்றும் வீடு அதிரக் கூப்பிடுகிறவர், கடைசி மகளின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கனைப்பைப் போட்டு நிரப்பிவிடுவார்.

"வலிக்குதா?" என்று அவர் கேட்டார்.

சுட்ட இடத்தை அவர் கவனித்துவிட்டார் என்று அவள் எண்ணினாள்.

"கொஞ்சந்தாம்ப்பா. சட்டி சுட்டுருச்சு."

அவர் மேலும் ஏதோ சொல்ல முயன்றார்; உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. பிடி தளர்ந்தது, கண்கள் மூடிக்கொண்டன. வீரம்மா பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, சிவந்திருந்த அந்தத் தோலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலிக்கவேயில்லை.

அவர் வாயால் சொல்லாத பெயரை அவருடைய லொறி சொல்லிக்கொண்டிருந்தது என்பதே அந்நாள்வரை அவளுக்கிருந்த ஆறுதல். உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் பேராதனை முகாமைக் கலைத்தபோது ஏலத்தில் விட்ட வண்டிகளுள் அதுவும் ஒன்று. கலகெதர வியாபாரி ஒருவர் அதை ஏலத்தில் எடுத்தார். அவரிடம் சாரதியாயிருந்த அழகர், நாற்பத்தெட்டாம் ஆண்டு அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். சப்பை மூக்கும், பச்சை வர்ணத்தின் அடியில் இன்னமும் மங்கலாகத் தெரியும் படை இலக்கமும், சிப்பாய் எழுந்து நின்று வானத்தைப் பார்ப்பதற்காகக் கூரையில் வெட்டிய வட்டத் துவாரமுமாக, முற்றத்துக் கொட்டகையில் அது இப்போதும் நின்றது. முன்கண்ணாடிக்கு மேலிருந்த நெற்றிப் பலகையில் மஞ்சள் எழுத்தில் 'வீரம்மா' என்றிருந்தது. பிற எழுத்துகள் அச்சில் வார்த்தவைபோல நேராக நிற்க, முதலெழுத்து மட்டும் நடுங்கிய கோடாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அது தொழில் தெரியாத கை எழுதிய எழுத்து. தகப்பனின் கை என்று வீரம்மா சிறு வயதிலேயே தீர்மானித்துவிட்டாள்.

மாநகர சபை அலுவலகத்தில் அவளோடு வேலை செய்யும் பெண்கள், பட்டணத்தில் பிறந்தவளுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெயர் எப்படி வந்ததென்று கேலி செய்வதுண்டு. அப்போதெல்லாம் அவள் கோபிக்கமாட்டாள். மூன்று பிள்ளைகளில் என் பெயர்தான் லொறியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுவாள். எண்பத்து மூன்று ஜூலையில், தமிழெழுத்து வெளியே தெரியலாகாதென்று அண்ணன் சேதுராமன் அந்தப் பலகையில் தார் பூசிவிட்டான். கலவரம் அடங்கிய மறுநாளே அழகர் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியுமாக ஏணியில் ஏறினார். இரண்டு பகல் முழுவதும் ஒவ்வோர் எழுத்தாகத் துலக்கி மீட்டுவிட்டே இறங்கினார். அந்த ஆண்டு இறுதியில் தாய் இரத்தினம்மா, பரிமளத்தையும் சேதுவின் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனாள். அங்கே வீரம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்திருந்தாள். அழகர் வண்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். வீரம்மா அப்பாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். பெயரைத் துலக்கிய அந்த இரண்டு பகல்களே அவளுடைய முடிவுக்குப் போதுமான காரணமாயிருந்தன.

பத்து மணியளவில் பக்கத்து வீட்டு ராக்கம்மா ஒரு கோப்பை தேநீரோடு வந்தாள். மாநகர சபையில் தெருப் பெருக்கி ஓய்வு பெற்றவள். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. கட்டிலில் கிடப்பவரின் பாதங்களைத் தொட்டுப் பார்த்து, சில்லிட்டிருப்பதைக் கண்டு, போர்வையை இழுத்து மூடினாள்.

"பேரச் சொல்லிக் கூப்புட்டாரு, அக்கா" என்றாள் வீரம்மா.

"எந்தப் பேர? லொறிப் பேரயா?" என்று ராக்கம்மா சிரித்தாள். "ஒங்கப்பனுக்கு அதுதான மூத்த பொண்டாட்டி. சரி சரி, மொகத்தத் தொங்கப் போடாத. இன்னிக்காவது வாய் தொறந்தாரே. தேத்தண்ணிய ஆறுறதுக்குள்ள குடி."

அலவத்துகொடயிலிருந்து ஜமால்தீன் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கண்டியில் ஓடிய லொறிகளுக்குப் பெயரெழுதியே வாழ்ந்தவர் அவர். எண்பதை நெருங்கும் வயதிலும் தொப்பி கசங்காமல், குடையை வாசலில் உதறிச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அவருக்குச் சொல்லியனுப்பியவள் வீரம்மாதான். அதற்குக் காரணமாயிருந்தது கொழும்பிலிருந்து வந்த ஒரு கடிதம்.

யுத்தகால வாகனங்களைத் தேடிச் சேர்க்கும் கனவான் ஒருவர் அதை எழுதியிருந்தார். லொறியை எடுத்துப் பாதுகாக்க அவருக்கு விருப்பம். ஆனால் அதன் வரலாற்றை எழுத்தில் கேட்டிருந்தார்: எந்த முகாம், எந்த ஆண்டு, நெற்றியிலுள்ள பெயர் யாருடையது, எப்போது எழுதப்பட்டது. பெயருக்குத் தக்க வரலாறு இருந்தால் அது அழிக்கப்படாது. இல்லையேல் முழு வண்டிக்கும் பழைய பச்சையே பூசப்படும். தகப்பனுக்குப் பிறகும் அந்தப் பெயர் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் என்ற எண்ணம் வீரம்மாவைப் பற்றிக்கொண்டது. அவள் அலுவலகத்து நீளத் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தாள். மாதம் மட்டுமே குறையாயிருந்தது. அந்தப் பெயரை எழுதிய ஜமால்தீனைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

ஜமால்தீன் அழகரின் தலைமாட்டில் சற்று நேரம் நின்று, நெற்றியில் கை வைத்து, உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பின்னர் முன்னறைக் கதிரையில் மெதுவாக இறங்கினார்.

"பஸ்ஸ விட்டு எறங்கக்குள்ள, மகள், நான் ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். இன்னும் கொஞ்ச நாளைல ரெண்டு டிக்கட் எடுக்கணும் போல." தானே சிரித்துக்கொண்டு அவர் தாளைக் கேட்டார். கண் மங்கலாயிருந்ததால் அவளையே வாசிக்கச் சொன்னார்.

வீரம்மா வாசித்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தோராம் ஆண்டு, உரிமையாளர் தம் இளைய மகளின் பிறப்பை முன்னிட்டு, அவளது பெயரை வாகனத்தின் நெற்றிப் பலகையில் எழுதுவித்தார். முதலெழுத்தை அவர் தம் கையாலேயே வரைந்தார்.

ஜமால்தீன் உடனே தலையை ஆட்டினார். பள்ளிப் பிள்ளையின் கணக்கில் பிழை கண்ட வாத்தியாரைப்போல அவருக்கு ஓர் உற்சாகமே வந்துவிட்டது.

"அம்பத்தொண்டு இல்ல, மகள். நாப்பத்தொம்பது. எனக்கு மூத்தவன் ஜனிச்ச வருசம், நல்லா ஞாபகம் ஈக்கி. சித்திரை முடிஞ்சு வைகாசி. மத்தது, மொத எழுத்து ஒங்கட அப்பா போட்டதில்ல. வண்டிக்குப் பேர் எழுதக்குள்ள மொத எழுத்த சொந்தக்காரர்ட கையால போட வெக்கிறது எங்கட தொழில் வழக்கம். நான் வர்ணம் தொட்ட பிரஸ்ஸ நீட்டினேன். அவர் வாங்கல்ல. மூக்கையாட கைல குடுக்கச் சென்னார். அந்த மனிசனுக்கு எழுத்தும் தெரியா. நான்தான் கையப் புடிச்சு எழுத வெச்சேன். ரெண்டு பேருக்கும் கை நடுங்கின நடுக்கத்துல அப்புடி வந்தீக்கி. பொறகு எத்தனை வாட்டி வர்ணம் அடிச்சாலும் அதை மட்டும் நேராக்க விடமாட்டார்."

"மூக்கையா யாரு?" என்றாள் வீரம்மா.

கிழவர் அவளுடைய முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தாம் எங்கே கால் வைத்துவிட்டோம் என்பது புரிந்திருக்க வேண்டும். குடையை எடுக்கலாமா என்பதுபோல வாசலைப் பார்த்தார்.

"மகளுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன்."

"சொல்லுங்க, ஜமால்தீன் நானா."

அவர் சொன்னார். தயங்கித் தயங்கி, இடையில் தண்ணீர் வாங்கிக் குடித்து, அறையின் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நாற்பத்தொன்பது சித்திரையில் அழகர் ஹந்தானைத் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போனார். மூட்டைகளை இறக்கியபின், தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் வண்டியைத் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தார். அன்றைக்கு அவசரம், இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. வண்டியின் பின்சில்லின் அருகே விளையாடிக்கொண்டிருந்தது ஆறு வயதுப் பெண் குழந்தை, தேயிலைக் கொழுந்து நிறுக்குமிடத்தில் வேலை செய்த மூக்கையாவின் ஒரே மகள். அழகர் குழந்தையை அள்ளி முன் ஆசனத்தில் கிடத்திக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். உன் பெயர் என்ன என்று கேட்டபோது அது பெயரைச் சொல்லியது. அதன்பின் வழி முழுவதும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். அதற்கு அது பதில் சொல்லவில்லை. வாவிக்கரைக்கு வரும்போது மூச்சு நின்றுவிட்டது. நீதவானுக்கு முன்னால், பிள்ளைதான் குறுக்கே ஓடியது என்று மூக்கையாவே சாட்சி சொல்லி அழகரை விடுவித்தார்.

"அதுக்கு மூக்கையா ஒண்டும் கேக்கல்ல, மகள். ஒண்டே ஒண்டுதான் கேட்டான். எம் புள்ள இந்தத் தோட்டத்த விட்டு ஒரு எடமும் போனதில்ல, ஒங்க வண்டி போற எடமெல்லாம் அது பேரு போகட்டும்டு சென்னான். அவ்வளவுதான்."

வீரம்மா தாளை நான்காக மடித்தாள். மடித்ததை மறுபடியும் மடிக்கப் பார்த்தாள்; அதற்குமேல் மடியவில்லை.

"ரெண்டு வருசம் கழிச்சு நான் பொறந்தேன்" என்றாள்.

ஜமால்தீன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

அவளுக்கு ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். ஒவ்வோர் ஆண்டும் சித்திரை வருடப்பிறப்பு கழிந்து ஒரு நாள், ஒல்லியான ஒருவர், தலையில் துண்டோடு முற்றத்துக்கு வருவார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். அன்றைக்கு மட்டும் அழகர் அவளை முகம் கழுவிப் பொட்டிட்டு வரச் சொல்லி, லொறியின் முன்னால் நிறுத்துவார். அந்த மனிதர் பலகையைப் பார்ப்பார். பின்னர் அவளைப் பார்ப்பார். வளர்ந்துவிட்டாள் என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமலே போய்விடுவார். ஒருமுறைகூட அவளைத் தொட்டதில்லை. தகப்பனுக்கு வெளியே சொல்லத் தெரியாத ஒரு பெருமை உண்டென்றும், யாரோ தூரத்து உறவினரிடம் தன்னைக் காட்டுகிறாரென்றும் அவள் நினைத்திருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயதான பிறகு அந்த மனிதர் வரவில்லை. இந்தியாவுக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

அவர்தான் மூக்கையா; தகப்பன் அவருக்குச் செலுத்திவந்த கடன் தவணை அவள். ஆண்டுக்கொருமுறை, சேதாரமில்லாமல் வளர்கிறதென்று காட்டப்பட்டவள்.

ஜமால்தீன் போகும்போது அவளுடைய தலையில் கை வைத்து, தம்மை மன்னித்துக்கொள்ளும்படி கேட்டார்.  அவள் வாசல் வரைக்கும் கூடப் போகவில்லை.

மதியம் கழிந்தது. உலை வைக்கவில்லை. ராக்கம்மா இருமுறை வந்து போனாள். முன்னறையில் தாளும் கையுமாக இருப்பவளைப் பார்த்து, திருச்சிக்குத் தந்தி அடித்தாயா என்று மட்டும் கேட்டாள். அடித்திருந்தாள். இரண்டு நாளாகிறது, யாரும் வந்து சேரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஊரில் நடக்கிற நடப்பில் அவர்களை வரச் சொல்வதற்கும் மனம் துணியாது.

மூன்றரை மணிக்கு மூச்சின் ஓசை மாறியது. வாளியின் அடியைச் சுரண்டுவதுபோன்ற ஒரு கரகரப்பு. அதற்கிடையில் குரல் வந்தது, காலையில் கேட்டதைவிடத் தெளிவாக.

"வீரம்மா."

அவள் எழுந்து அறை வாசல் வரைக்கும் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து ஆண்டுகள் கேட்காத சொல் ஒரே நாளில் இரண்டாம் முறை வந்திருந்தது. அவளால் உள்ளே போக முடியவில்லை.

"வீரம்மா. வலிக்குதா?"

உள்ளே போய்க் கட்டிலின் வலப்பக்கம் குனிந்தாள். "அப்பா, நான் ஒங்க மக. இரத்தினம்மா பெத்த கடைசிப் புள்ள. என்னையப் பாருங்க. இந்தப் பக்கம் பாருங்கப்பா."

அழகர் பார்த்தார். கண்கள் அவளுடைய நெற்றியில், கன்னத்தில், மோவாயில் சற்றுச் சற்று நின்று நகர்ந்தன. அறிமுகமில்லாத ஊரில் வழி கேட்கிறவனுடைய பார்வை அது.

"அது எங்க?" என்றார். "முன் சீட்டுல கெடத்தினேனே, அந்தப் புள்ள எங்க?"

"நான்தாம்ப்பா இருக்கேன். மூணு வருசமா நான் மட்டுந்தான இருக்கேன்."

அவர் அதைக் கேட்கவில்லை. தலை இடப்பக்கம் திரும்பிவிட்டது. வண்டியோட்டும்போது சாரதிக்கு இடது கைப்பக்கம்தான் மற்றவர் அமரும் ஆசனம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த வெறும் இடைவெளியைப் பார்த்து அவர் பேசினார். எறங்கிப் பாக்கல, எறங்கிப் பாக்கல என்று இரண்டு முறை சொன்னார். இடக்கை போர்வைக்கு வெளியே வந்து அந்த இடைவெளியில் எதையோ தேடியது. விரிப்பின் ஓரத்தைத் தொட்டது, விட்டது, மறுபடியும் தொட்டது. முகத்தில் தெரிந்தது நோயின் வேதனை மட்டுமன்று, அச்சமும்தான்.

ராக்கம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். கூப்புடுறாருல்ல, பதில் சொல்லேண்டி என்று அடிக்குரலில் அதட்டினாள்.

வீரம்மா நிமிர்ந்தாள். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவே இடமிருந்தது. அதற்குள் உடலைச் செருகித் தரையில் முழங்காலிட்டபோது, அவளுடைய தலை தகப்பனின் முகத்துக்குக் கீழே, ஒரு குழந்தையின் உயரத்துக்கு வந்துவிட்டது. தேடிக்கொண்டிருந்த கைக்குள் தன் கையை வைத்தாள். அது இறுகப் பற்றிக்கொண்டது.

"வலிக்குதா?"

அவள் வாயைத் திறந்தாள். முதலில் வந்தது அப்பா என்ற சொல்லின் தொடக்கம். அதை விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல மாமா" என்றாள். "வலிக்கல."

அழகர் அவளைப் பார்த்தார். இம்முறை கண்கள் அலையவில்லை. நெற்றியிலிருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நேராயின. இன்னுமொரு கேள்வி மிச்சமிருப்பதுபோல உதடுகள் பிரிந்து, பிறகு கேட்காமலே பொருந்திக்கொண்டன.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டு போனது. ராக்கம்மா விரலால் அவருடைய உதட்டில் தண்ணீர் வைத்தாள். அது கடைவாய் வழியே இறங்கிவிட்டது. சற்று நேரத்துக்குப் பின் அவள் குனிந்து பார்த்து, கண்களை மூடிவிட்டு, திதி பார்க்க ஐயர் கேட்பார், மணியைப் பார்த்துக்கொள் என்றாள்.

வீரம்மா உடனே எழவில்லை. கையை இழுத்துக்கொள்ளவுமில்லை. தகப்பனின் விரல்கள் தாமாகத் தளரட்டும் என்று சுவரோரத்திலேயே மண்டியிட்டுக் காத்திருந்தாள். சுண்டு விரல் முதலில் விட்டது, அடுத்தது, அதற்கடுத்தது. கட்டைவிரல் கடைசியாக விட்டபோது அவள் தலையைத் தூக்கி அலுமாரிக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.